மிலானின் வாசலில் நாற்பது நிமிடம்

என் பெரியண்ணாவின் மனைவி, மச்சாள் ராணிக்கு நான் இதை எழுதுவதில் துளியும் விருப்பமில்லை. இங்கே கனடாவில் எங்கள் முதியோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் தாங்கள் பார்த்த வேலையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ராணி எனக்கு ஒரு வழி சொன்னாள்.

"மச்சாள், எயர்போர்ட் கிச்சின்ல வேலை செய்ததை எழுதுங்கோவன். பிளேனுக்குச் சாப்பாடு கட்டினது எண்டா சனம் ஆசையா வாசிக்கும். உந்த ஆமிக் கதை என்னத்துக்கு?"

"பன்னிரண்டு வருசம் சாப்பாட்டுப் பெட்டிக்கு மூடி போட்டதில வாசிக்க என்ன கிடக்கு?"

"ஆமியில நிண்டனான் எண்டு எங்கட சனத்துக்குச் சொல்லப்போறியளே? ஒருத்தரும் முகம் குடுத்துக் கதைக்க மாட்டினம்."

அவள் சொல்வது பொய்யில்லை. எங்கள் ஆட்களுக்கு 'ஆமி' என்ற சொல்லே ஆகாது. எனக்கும் அப்படித்தான். ஆனாலும் நான் ஒரு நாட்டின் இராணுவத்தில் மூன்று முறை ஆறாறு மாதம் வேலை செய்தேன். என் அறுபத்திரண்டு வயதில் எந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக ஆசை என்று கேட்டால், யாழ்ப்பாணம் என்று சொல்லமாட்டேன். கொசோவோவில், ஒரு சின்னப் பட்டணத்தில், விறகு அடுப்பு வைத்த இரண்டு மாடி வீட்டில் நாங்கள் ஆறு பேர் இருந்த அந்த ஒரு குளிர்காலம் என்றுதான் சொல்வேன். இவ்வளவு காலமும் இதை யாருக்கும் வாய் திறந்து சொன்னதில்லை. சென்ற மாதம் சுவிஸ்ஸிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இருபது வயதில் தனியாகச் சுவிஸ் போனவள் நான். கலியாணம் கட்டவில்லை. பேர்ண் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் கிழங்கு சீவத் தொடங்கி, பிறகு அதே குசினிக்குப் பொறுப்பாளர் ஆனேன். அந்த நாட்டுப் பிரசாவுரிமைப் பத்திரம் கிடைத்த பிறகு ஒரு நாள் ட்ராமில் ஒரு விளம்பரம் பார்த்தேன். வெளிநாட்டு அமைதிப் பணிக்குச் சமையல் தெரிந்தவர்கள் தேவை, பெண்களும் விண்ணப்பிக்கலாம், முன்பு இராணுவப் பயிற்சி தேவையில்லை. சுவிஸ் நடுநிலை நாடு. எவருடைய போரிலும் சேராது. அந்த நாட்டுச் சிப்பாய்கள் வெளியே போவதென்றால் சண்டை முடிந்த இடத்துக்கு, தண்ணீர்க் குழாய் போடவும் பாலம் கட்டவும் ஆட்களோடு பேசவும்தான். போரைப் பார்த்துப் பயந்து ஓடிவந்தவளுக்கு, போர் முடிந்த பிறகு ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும் போல் இருந்தது. வேறு பெரிய இலட்சியம் எதுவும் இல்லை.

பயிற்சி இரண்டரை மாதம். கண்ணிவெடியை அடையாளம் காண்பது, வானொலியில் பேசுவது, காயத்துக்குக் கட்டுப்போடுவது. கைத்துவக்கை முதல் நாள் கையில் தந்தபோது எனக்கு வாந்தி வந்துவிட்டது. பயிற்சி தந்த பெண் முதுகைத் தடவிவிட்டு, நாளைக்குப் பார்ப்போம் என்றாள். நாளைக்கு எடுத்தேன். சீருடையில் அப்பாவின் பெயரைத்தான் தைத்துத் தந்தார்கள். அதனால் அங்கே எல்லோருக்கும் நான் 'கமலநாதன்'. என் பெயர் வசந்தி என்பது சம்பளக் கடுதாசிக்கு மட்டும் தெரியும்.

முதல் இரண்டு முறையும் பெரிய முகாமின் குசினியில் நின்றேன். மூன்றாவது முறைதான் அந்தச் சின்ன வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படிப் பல வீடுகள் அங்கே இருந்தன. சிப்பாய்கள் முகாமுக்குள் இல்லாமல், ஊருக்குள் வாடகை வீட்டில், அயலவர்களைப் போல இருப்பார்கள். வேலை, வீடு வீடாகப் போய்க் கோப்பி குடிப்பது. சிரிக்காதீர்கள், வேலை அதுதான். கோப்பி குடித்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, பின்னேரம் வந்து எழுதவேண்டும்.

எங்கள் பொறுப்பாளர் கப்டன் பேற்றர். ஊரில் அவருடைய தொழில் ரயில் நேர அட்டவணை போடுவது. ஆள் நெடுவல், காது பெரிது, சிரிப்பதென்றால் ஒரு பக்கத்து வாய் மட்டும் அசையும். அவரைப் போல ஒழுங்கு பார்க்கும் மனிதரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. செவ்வாய்க்கிழமை ஆற்றுக்கு மேல்பக்கத்து அல்பேனியக் கிராமம். வியாழக்கிழமை ஆற்றுக்குக் கீழ்ப்பக்கத்துச் சேர்பியர்களின் பத்துப் பன்னிரண்டு வீடுகள். போரில் இவர்கள் இரண்டு பக்கமாய் நின்றவர்கள். ஒரு வீட்டில் நாற்பது நிமிடம். மேலே இரண்டு கோப்பி குடித்தால் கீழேயும் இரண்டு. அவருக்கு வயிற்றில் புண் இருந்தது. ஆனாலும் இரண்டாவது கோப்பியைத் தவிர்க்கமாட்டார். வாகனத்துக்கு வந்தபிறகு மாத்திரை போட்டுக்கொள்வார்.

அவர் பேசியது சுவிஸ் ஜேர்மன். அதுவும் பேர்ண் ஊர்ப் பேச்சு, ஆறுதலாக இழுத்து இழுத்து. இப்போது நினைக்கும்போது அது எனக்கு யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்கிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

சப்பாத்துக்கு ஒரு விதி இருந்தது. அந்த நாட்டில் மேலே இருப்பவர்களும் சரி, கீழே இருப்பவர்களும் சரி, வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் வீட்டுக்குள் போகமாட்டார்கள். எங்களைப் போலத்தான். ஆனால் எங்கள் தலைமையகத்தின் கட்டளை, எந்த வீட்டிலும் சப்பாத்தைக் கழற்றக்கூடாது என்பது. அவசரமாக வெளியேற வேண்டி வந்தால் வெறுங்காலோடு ஓட முடியாதே. இதற்குப் பேற்றர் கண்டுபிடித்த வழி, ஆஸ்பத்திரியில் சப்பாத்தின் மேல் மாட்டுகிற நீலப் பிளாஸ்ரிக் உறை. வாகனத்தில் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். வாசலில் ஒற்றைக் காலில் நின்று அதை மாட்டிக்கொண்டு, சரக்குச் சரக்கென்று உள்ளே போவோம். வீட்டுக்காரருக்கு அது பிடிக்காது என்பது முகத்திலேயே தெரியும்.

"கப்டன், இது மரியாதையில்லை. என்ர அம்மா கண்டா விளக்குமாறு எடுப்பா" என்று ஒருமுறை சொன்னேன்.

"மேல ஆக்களுக்கும் பிடிக்கேல்லை, கீழ ஆக்களுக்கும் பிடிக்கேல்லை. ரெண்டு பக்கமும் ஒரே அளவில மனம் கோணினா அதுவும் நடுநிலைதான், கமலநாதன்."

பின்னேரம் சாப்பிட முன்பு அறிக்கை எழுதவேண்டும். எந்த வீடு, யார் இருந்தார்கள், என்ன தந்தார்கள், அவர்கள் சொன்னது என்ன, நாங்கள் சொன்னது என்ன. கடைசியில் ஒரு கட்டம் இருக்கும். 'வழமைக்கு மாறானது' என்று அதற்குத் தலைப்பு. நாய் கடிக்க வந்ததா, கோப்பிக்குப் பதிலாகத் தேநீர் தந்தார்களா, எதுவானாலும் அதில் எழுதவேண்டும். பேற்றர் மற்றக் கட்டங்களை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் வாசிப்பார்.

இனி ஷ்பிரேசாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மேல்கிராமத்துப் பெண், என் வயது. அவளும் புருசன் அகிமும் பேர்ணில் பத்து வருடம் இருந்தவர்கள். அவன் கட்டட வேலை, அவள் ஹோட்டலில் படுக்கை விரிக்கிற வேலை. உழைத்த காசில் ஊரில் வீடு கட்டித் திரும்பி வந்து ஒரு வருடத்தில் போர் வந்தது. ஒரு நாள் காலை பால் கொடுக்கப் போன அகிம் திரும்பவில்லை. உடலும் இல்லை. என்னோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேர்ண்காரியைப் போல மளமளவென்று பேசுவாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. யார் செய்தார்கள் என்று அல்ல. எங்கே கிடக்கிறான் என்று.

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒருவர் ஆற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருந்தார். மிலான் என்ற சேர்பியக் கிழவர். போர்க்காலத்தில் ஊராட்சியின் ட்ராக்டர் ஓட்டியவர். துவக்குக்காரர்கள் அவரை மிரட்டி உடல்களை ஏற்றுவித்து எங்கேயோ புதைப்பித்தார்கள் என்று இரண்டு கரையிலும் பேச்சு இருந்தது. அவர் சொன்னால், இத்தனை காலம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று மேல்கரை கேட்கும். எங்கள் ஆட்களைக் காட்டிக்கொடுத்தாயே என்று கீழ்க்கரை கேட்கும். அவர் நம்பிச் சொல்வதானால் எந்தக் கரையையும் சேராத ஒருவரிடம்தான் சொல்லவேண்டும்.

மூன்று மாதம், வியாழன் தவறாமல் அவர் வீட்டுக்குப் போனோம். பேற்றர் ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை. பிளம்ஸ் மரத்தைப் பற்றிக் கதைப்பார்கள். ரயிலைப் பற்றிக் கதைப்பார்கள். எங்கள் மொழிபெயர்ப்பாளர் எமிர் வேறொரு சின்ன இனத்தைச் சேர்ந்தவர், இரண்டு மொழியும் தெரிந்தவர். அவரே அலுத்துப்போய், "இந்தக் கிழவன் ரயில் வாங்கப்போறானோ?" என்று என்னிடம் கேட்டார். தை மாதக் கடைசி வியாழன், நாங்கள் எழும்பும்போது மிலான் பேற்றரின் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்:

"வாற கிழமை ஒரு கடதாசியும் பென்சிலும் கொண்டு வாங்கோ."

வாகனத்துக்கு வந்ததும் பேற்றர் மாத்திரை போட மறந்துவிட்டார். புதைத்த இடத்தைக் கீறிக் காட்டப்போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

இடையில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பேற்றரைத் தலைமையகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் எமிரும் ஷ்பிரேசா வீட்டுக்குப் போனோம். சாரதி வாகனத்தில் இருந்தான். எமிர் முற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றார். நான் மட்டும் வாசலுக்குப் போனேன், கையில் நீல உறை. வாசலில் மூன்று சோடிச் சப்பாத்து இருந்தது. ஒன்று ஷ்பிரேசாவுடையது, ஒன்று மகளுடையது. மூன்றாவது ஆண்பிள்ளையின் கறுப்புத் தோல் சப்பாத்து. பழசு, ஆனால் அன்று காலைதான் மினுக்கியது போலப் பளபளத்தது. உள்ளே வந்தவன் கழற்றி வைத்தது போல முனை வீட்டுப் பக்கம் பார்த்து இருந்தது. முன்பும் பலமுறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். மகனுடையது என்று நினைத்திருக்கிறேன். அவளுக்கு மகன் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

என் சின்னண்ணாவும் இப்படித்தான். ஒரு நாள் சைக்கிளில் வெளியே போனவன் வரவில்லை. யார் கொண்டுபோனது என்று ஆளுக்கு ஒரு கதை. வீட்டில் போடுகிற செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு போயிருந்தான். அம்மா அந்தச் செருப்பை எடுக்கவிடவில்லை. ஊரைவிட்டு ஓடிய நேரமெல்லாம் அதுவும் கூட வந்தது. கடைசியில் பெரியண்ணா அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டபோது சூட்கேசில் சேலைக்கு நடுவே அது இருந்தது.

அந்தக் கறுப்புச் சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்று நான் எப்படி நீலப் பிளாஸ்ரிக்கை மாட்டுவேன்? குனிந்தேன். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தேன். என்னுடையதை அகிமினுடையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். ஷ்பிரேசா என் காலைப் பார்த்தாள். அன்று கோப்பியோடு தேனும் தந்தாள். நாற்பது நிமிடம் இருந்தேன்.

பின்னேரம் அறிக்கை எழுதும்போது கடைசிக் கட்டம் வந்தது. 'வழமைக்கு மாறானது.' கட்டளையை மீறினேன் என்று எழுதினால் பேற்றர் ஏன் என்று கேட்பார். சின்னண்ணாவைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். எனக்கு அதைச் சொல்ல மனமில்லை. 'இல்லை' என்று எழுதினேன். என் வேலைக்காலம் முழுவதிலும் நான் எழுதிய ஒரே பொய் அதுதான்.

வியாழன் வந்தது. பேற்றர் புதுப் பென்சில் ஒன்றைக் கூராக்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மிலான் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, மேசைக்குத் துணி விரித்திருந்தார். கோப்பி ஊற்றி ஆவி பறந்துகொண்டிருந்தது. நாங்கள் நீல உறைகளை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். மிலான் குனிந்து பேற்றரின் காலைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு யன்னலைக் கையால் காட்டினார். அந்த யன்னலால் பார்த்தால் ஆறு, அதற்கு மேலே ஏறும் சரிவு, அதில் ஷ்பிரேசாவின் வாசல்.

"அங்கை நீங்கள் விருந்தாளி. இங்கை தொத்து வருத்தக்காரன்ர வீட்டுக்கு வந்த டொக்டர்மார். அப்பிடித்தானே?"

எமிர் மொழிபெயர்க்கும்போது அவர் குரலே இறங்கிவிட்டது. பேற்றருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. செவ்வாய்க்கிழமை நான் அங்கே சப்பாத்தைக் கழற்றியதை அவர் கண்டிருக்கிறார். மிலான் ஊற்றிய கோப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். ஒவ்வொரு கோப்பையாக எடுத்துக்கொண்டு போனார். கடைசிக் கோப்பையை எடுத்தபின் வந்து கதவைத் திறந்து பிடித்தார்.

அன்று பின்னேரம் பேற்றரின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்தை, கட்டத்தை, சின்னண்ணாவை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கழட்டினது பிழையில்லை. எழுதியிருந்தா, நான் இங்கையும் கழட்டியிருப்பன்" என்றார். பென்சிலை உருட்டியபடி கேட்டார், "எத்தினை நிமிசம் கழட்டியிருந்தனீங்கள்?"

"நாற்பது."

"அப்ப அவருக்கும் நாற்பது."

அந்த இரவு அவர் எழுதிய அறிக்கையின் கடைசிக் கட்டத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். இனி எல்லா வீட்டிலும் கட்டளைக்கு மாறாகச் சப்பாத்து கழற்றப்படும், பொறுப்பு நான். கீழே கையெழுத்து. இதற்காக அவருக்குப் பிறகு பதவி உயர்வு தள்ளிப்போனது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவர் சொன்னதில்லை.

அடுத்த வியாழன் மிலானின் கதவு திறக்கவில்லை. உள்ளே அடுப்புப் புகை தெரிந்தது, ஆள் இருந்தார். பேற்றர் படியில் உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றி, முனையை வீட்டுப் பக்கம் திருப்பி, அருகருகே வைத்தார். நானும் எமிரும் அப்படியே செய்தோம். பனி முழங்கால் அளவுக்குக் கிடந்தது. காலுறையோடு நாற்பது நிமிடம் இருந்தோம். பேற்றர் மணிக்கூட்டைப் பார்த்தார், எழும்பினார், சப்பாத்தைப் போட்டார், மூடிய கதவைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு நடந்தார். அதற்கடுத்த வியாழனும் அப்படியே. மாசி போய்ப் பங்குனி வந்தது. எனக்குக் கால்விரல் நீலம் பாரித்தது. எமிர், தன் ஒப்பந்தத்தில் காலுறையோடு பனியில் இருப்பது எழுதப்படவில்லை என்று முணுமுணுப்பார். ஆனால் ஒரு வியாழனும் அவர் வராமல் விட்டதில்லை.

ஊருக்குள் எதுவும் ஒளிக்க முடியாது. ஒரு செவ்வாய் ஷ்பிரேசா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தாள் சொல்ல இருந்தவர், என்ன? என்ர வாசலாலதான் கெட்டது. ஓமோ இல்லையோ, சொல்லு வசந்தி."

அந்த மலையில் என்னை வசந்தி என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். எனக்குப் பதில் சொல்ல அனுமதியில்லை. ஒருவர் வீட்டில் நடந்ததை இன்னொருவர் வீட்டில் பேசக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. கோப்பையில் மிச்சம் கிடந்த கோப்பியைக் குடித்து முடித்தேன். அவள் உள்ளே போய் மூன்று சோடிக் கம்பளிக் காலுறை கொண்டுவந்தாள், தானே பின்னியது. சிவப்பும் வெள்ளையுமாக, கணுக்காலில் அந்தக் கிராமத்துப் பெண்கள் மட்டும் போடுகிற ஒரு பின்னல்.

"அவற்ர வாசல்ல குளிரேக்கை போடுங்கோ."

பக்கத்தில் நின்ற பேற்றர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு பக்கத்திடம் பரிசு வாங்கக்கூடாது. மன்னிப்புக் கேட்டு, நன்றி சொல்லி, வேண்டாம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாகனத்தில் ஏறியதும் தமிழில் ஏசினேன், நன்றாக ஏசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் சொன்னது சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பங்குனிக் கடைசியில் எங்கள் ஆறு மாதம் முடிந்தது. அடுத்த குழுவிடம் வேலையை ஒப்படைப்பதற்காகப் பேற்றர் மட்டும் இன்னும் இரண்டு மாதம் தங்கினார். என் கடைசி வியாழனும் மிலானின் கதவு மூடியபடிதான் இருந்தது. விமானத்தில் ஏற முன்பு எங்களிடம் ஒரு கடுதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். ஊர் மக்களோடு இனிக் கடிதப் போக்குவரத்து இல்லை, பார்த்ததை வெளியே சொல்வதில்லை. போட்டேன். ஷ்பிரேசாவிடம் விலாசம் கொடுக்கவுமில்லை, வாங்கவுமில்லை.

அந்த ஆண்டே அம்மாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. அவவைப் பார்க்கக் கனடா வந்த நான் வேலைப் பத்திரம் எடுத்து இங்கேயே நின்றுவிட்டேன். அஜக்ஸில் பெரியண்ணா வீட்டில் இருந்து மிசிசாகா எயர்போர்ட் கிச்சினுக்குப் பன்னிரண்டு வருடம் நாலு-நாட்-வன்னில் ஓடினேன். அந்த நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையாமல் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீடு ஞாபகம் வரும். ஈரக் காலுறை காயும் மணம், அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம், பேற்றர் அறிக்கையைப் பின்பக்கத்தில் இருந்து வாசிப்பது. என் வாழ்நாளில் நான் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்காத ஒரே இடம் அது. இங்கே கோயிலுக்குப் போனாலும் கேட்கிறார்கள், கலியாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் கேட்கிறார்கள். அந்தக் குளிரையும் அந்தப் படியையும் நினைத்து நான் ஏங்கினேன் என்று சொன்னால் ராணி சிரிப்பாள். ஏங்கினேன். ஒவ்வொரு வியாழனும் ஏங்கினேன். மிலான் திறந்தாரா இல்லையா என்பது தெரியாமல், என் ஒரு சொல்லால் ஒருத்தியின் புருசன் மண்ணுக்குள்ளேயே தொலைந்து போனான் என்ற எண்ணத்தோடு சாப்பாட்டுப் பெட்டிக்கு மூடி போட்டேன்.

சென்ற மாதம் வந்த தொலைபேசி பேற்றருடையது. குரல் தளர்ந்திருந்தது, இழுவை அப்படியே இருந்தது.

"கமலநாதன், நாங்கள் இருந்த அந்த வீட்டை மூடியாச்சு. எனக்கும் எல்லாப் பொறுப்பும் முடிஞ்சுது. இனிச் சொல்லலாம்."

கோடையில் சாதாரணப் பயணியாக அங்கே போய் வந்திருக்கிறார். நான் போன பிறகு நடந்ததைத் தொடக்கத்தில் இருந்து, நாள், நேரம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். வைகாசியில் அவருடைய கடைசி வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு ஷ்பிரேசா வீட்டுக்குப் போய், தானே வாய்விட்டுக் கேட்டு அந்தக் காலுறையில் ஒரு சோடி வாங்கினாராம்.

"நீங்களோ? வாங்கினனீங்களோ?"

"ஓம். கடைசிக் கட்டத்தில எழுதினனான்."

வியாழக்கிழமை மிலானின் படியில் அந்தக் காலுறையோடு உட்கார்ந்தாராம். அரைமணி நேரத்தில் கதவு திறந்ததாம். மிலான் கணுக்கால் பின்னலைப் பார்த்துவிட்டு, இது யார் பின்னியது என்று கேட்டாராம். அகிமின் மனைவி என்று எமிர் சொன்னாராம். உங்கள் வாசலில் இருப்பவர்களுக்குக் குளிரும் என்று அவள்தான் பின்னித் தந்தாள் என்றும் சொன்னாராம். கிழவர் படியில், பேற்றருக்குப் பக்கத்தில், இருந்துவிட்டாராம். அழுதாராம். பிறகு அவரே பென்சில் கேட்டாராம். பழைய சுண்ணாம்புச் சூளை, அதற்குப் பின்னால் மூன்று வாதுமை மரம், நடு மரத்தில் இருந்து ஒன்பது அடி. கீறிக் கொடுத்தாராம்.

அதிகாரிகள் தோண்டி, பரிசோதித்து, பெயர் உறுதியாக இரண்டு வருடம் ஆனதாம். அகிம்தானாம்.

"உங்களுக்குப் பதினொரு வருசமாத் தெரியும். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை நீங்கள்" என்று கத்தினேன். ராணி குசினியில் இருந்து ஓடிவந்தாள்.

"அனுமதி இருக்கேல்லை" என்றார் பேற்றர். "ஒவ்வொரு வருசமும் எழுதிக் கேட்டனான்."

அவரை என்னதான் செய்வது?

தொலைபேசியை வைக்கமுன் கேட்டேன், ஷ்பிரேசா எப்படி இருக்கிறாள் என்று. நரைத்துவிட்டாளாம், மகள் பேர்ணில் இருக்கிறாளாம், என்னைப் பெயர் சொல்லி விசாரித்தாளாம். "வாசலில இப்ப ஒரு சோடிச் சப்பாத்துத்தான் இருக்கு. கறுப்பை எடுத்து உள்ள வைச்சிட்டா" என்றார்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டு எங்கள் வீட்டு முன்வாசலுக்குப் போனேன். மாரிக்காலச் சப்பாத்துகள் அடுக்கிற அலுமாரி அங்கேதான். ராணி பின்னாலேயே வந்து நின்றாள். கீழ்த்தட்டில், மூலையில், சின்னண்ணாவின் செருப்பு இருந்தது. அம்மா போய் ஐந்து வருடமாகிறது. வார் காய்ந்து வெடித்துவிட்டது. அதன் முனை வீட்டுக்குள் பார்த்தபடி இருந்தது. அம்மா அப்படித்தான் வைப்பா. போன கோடையில் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது, உதை இன்னும் வைச்சிருக்க வேணுமே மச்சாள் என்று ராணி கேட்டவள். அன்றைக்கு அவள் குனிந்து, பழந்துணியால் அதன் தூசியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"எழுதுங்கோ மச்சாள்" என்றாள்.

அதனால்தான் எழுதினேன். இதை வாசிப்பவர்களில் யாருக்காவது சின்னண்ணாவைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கலாம். நீங்கள் யார் என்று நான் கேட்கமாட்டேன், எந்தப் பக்கம் என்று கேட்கமாட்டேன், ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்றும் கேட்கமாட்டேன். எனக்கு அந்த வேலை தெரியும். எந்த வாசல் என்று மட்டும் சொல்லுங்கள். நான் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருக்கிறேன்.